கையுறை யாருக்காகப் போட்டோம்

என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பவித்ரா போன வாரம் போன் செய்தாள். எங்கோ பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருக்கிறாள். "ராக்கு அக்கா, தோல்ல வர்ற ஒரு புத்துநோய்க்கு வைரஸ்தான் காரணம்னு அங்கன சொன்னாக. நம்ம லேப்லயே அத வச்சு ஆராய்ச்சி நடந்துச்சாமே, நீங்கதான் கூடவே இருந்தீகளாமே. என்னன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே குழம்பிவிட்டது. "எழுதி அனுப்புறேன் தாயி" என்று சொல்லிப் போனை வைத்தேன். எழுதினால் தெளியும் என்று ஒரு நினைப்புதான். பார்ப்போம்.

என் பெயர் முத்துராக்கு. முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் போட்டும் ஆடு வளர்த்தும் பிழைத்த குடும்பம். லேப் டெக்னீசியன் படிப்பு மதுரையில். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விடுதிச் சோறு மோசம், ஃபார்மலின் நெடியில் கண் எரியும், பாஸ் செய்தேன், அவ்வளவுதான். பிறகு ராமநாதபுரத்தில் அரசு வேலை, திசுப் பரிசோதனைப் பிரிவு. டாக்டர்கள் வெட்டி அனுப்பும் சதைத் துண்டை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். "ஒம் மக என்ன வேல பாக்குறா?" என்று ஊரில் யாராவது கேட்டால் எங்கள் அய்யா "கறி அறுக்குறா" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யோசித்தால் அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

நான் சீவிக் கொடுத்ததைப் பார்த்து இன்ன நோய் என்று சொல்கிறவர் டாக்டர் தனபாலன். சிவகங்கைக்காரர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தகட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிக்கும்வரை நோயாளியின் சீட்டைப் படிக்கமாட்டார். வயசு, ஊர், எந்த இடத்துக் கட்டி, அறுத்த டாக்டர் என்ன சந்தேகப்படுகிறார் எதுவும் தெரியக் கூடாது. சீட்டை மடித்துத் தகட்டுக்கு அடியில் வைப்பது என் வேலை. பார்ப்பார், எழுந்திருப்பார், வாசல்வரை நடப்பார், டீ குடிப்பார், திரும்பி வந்து புதுசாகப் பார்ப்பதுபோல மறுபடியும் பார்ப்பார். அதற்கப்புறம்தான் சீட்டு. என்ன சார் என்று கேட்டால் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் "இருக்கலாம்". வெளியே ஒரு குடும்பமே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும், இவர் இருக்கலாம் என்பார். எத்தனையோ தடவை எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியிருக்கிறது. ஆனால் அவர் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட்டால் மதுரையிலும் சென்னையிலும் அதையே சொன்னார்கள்.

கொரோனா அடங்கிச் சில வருஷம் ஆனபிறகு, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் அந்தத் துண்டு வந்தது. கன்னத்திலிருந்து எடுத்தது. சாயம் ஏற்றிக் கொடுத்தேன். சார் பார்த்தார், நடந்தார், டீ குடித்தார், பார்த்தார். பிறகு வேறொரு விசேஷச் சாயம் போடச் சொன்னார். அதையும் போட்டுக் கொடுத்தேன். என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். சின்னச் சின்ன நீல உருண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் நடுக்கருவை ஒட்டி ஒரு பழுப்புப் புள்ளி, நெற்றிப் பொட்டு வேர்வையில் ஓரமாக நழுவியதுபோல.

"மெர்க்கெல் செல் கார்சினோமா" என்றார். இந்தத் தடவை "இருக்கலாம்" சொல்லவில்லை.

தோலில் அபூர்வமாக வருகிற புற்றுநோய், வந்தால் வெறிபிடித்த மாதிரி வளர்வது என்று சொன்னார். வலிக்காது, அதனால் ஆட்கள் சும்மா இருந்துவிடுவார்கள். உடனே மதுரைக்கு அனுப்பி அகலமாக வெட்டி எடுத்து, கதிர்வீச்சும் கொடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் கழுத்தில் நெறி கட்டுமே, அந்த நிணநீர்ச் சுரப்பிக்கு இறங்கிவிடும்.

அதற்குப் பிறகுதான் நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். செபஸ்தியம்மா. ராமேசுவரம் தீவில் ஒரு மீனவர் ஊர். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் வேலை. அறுபதை ஒட்டிய வயசு, வெயிலில் கறுத்த உடம்பு, சேலை முந்தியால் வலது கன்னத்தை மூடியிருந்தார். விலக்கிக் காட்டினார். நாவல்பழ நிறத்தில் பளபளவென்று ஒரு உருண்டை. "கடல்ல சொறிமீனு கொட்டிருச்சாக்கும்னு சுண்ணாம்பு தடவுனேன் தாயி. அது பாட்டுக்கு வளருது" என்றார். கூட வந்தவன் ஸ்டீபன், அவர் அண்ணன் மகன். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தது இந்த அத்தைதான். அவனுக்கும் பெல்சிக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை பிறந்தால் ஞானஸ்நானத்தில் தானே ஞானத்தாயாக நின்று கையில் ஏந்துவதாக அந்தோனியாருக்கு வேண்டிக்கொண்டிருந்தார் செபஸ்தியம்மா. கட்டியைப் பற்றி நாங்கள் கேட்டது கொஞ்சம், குழந்தையைப் பற்றி அவர் சொன்னது நிறைய.

மதுரைக்குப் போகச் சம்மதித்தார்கள். அதற்கிடையில் சார் தன் ஆராய்ச்சியை எடுத்தார். இந்தக் கட்டி பல பேருக்கு ஒரு வைரஸால் வருகிறது என்று உலகத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில், இந்த வெயிலில் கிடக்கிற ஆட்களுக்கு எப்படி என்று அவருக்குத் தெரிந்துகொள்ள ஆசை. முன்னால் இதே நோய்க்கு வந்த ஒன்றிரண்டு மெழுகுக் கட்டிகளைப் பத்திரமாக வைத்திருந்தார். சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வைரஸ் இருக்கிறதா என்று சோதித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வைரஸ் எங்கருந்து சார் வருது?" என்று கேட்டேன்.

"எங்கருந்தும் வரல ராக்கம்மா. அனேகமா எல்லார் தோல்லயும் சும்மா கெடக்குது. சின்ன வயசுலயே ஒட்டிக்கிரும். ஒண்ணும் பண்ணாது. யாரோ ஒருத்தருக்கு மட்டும் செல்லோட மரபணுக்குள்ள போயி மாட்டிக்கிருது. அப்பத்தான் கட்டி."

"அப்ப எல்லாருக்கும் வரணுமே?"

"வரலையே."

"ஏன் வரல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

எல்லார் தோலிலும் கிடக்கிறது என்றதும் எனக்கு வேலை கூடிப்போனது. என் தோலிலிருந்து ஒரு பொருக்கு விழுந்தாலும் நோயாளியின் துண்டில் வைரஸ் இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் சீவும் இயந்திரத்தைச் மெழுகைக் கரைக்கும் சைலீனாலும் ஸ்பிரிட்டாலும் துடைக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு. ஒரு நோயாளியின் மெழுகுக் கட்டிக்கும் அடுத்தவர் கட்டிக்கும் நடுவில், சதையே இல்லாத வெறும் மெழுகைச் சீவித் தனிக் குப்பியில் போட வேண்டும். அந்த வெறும் மெழுகில் வைரஸ் வந்தால் நாம்தான் அசிங்கம் பண்ணிவிட்டோம் என்று அர்த்தம். முகமூடி, தொப்பி, இரட்டைக் கையுறை. சுருள் சுருளாக விழுகிற மெழுகை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். பவித்ரா, வெறும் மெழுகை எதற்குச் சீவுகிறோம் என்று போனில் நீ கேட்டாயே, இதற்குத்தான்.

அடுத்து, வீட்டு ஆட்கள், அக்கம்பக்கத்து ஆட்கள் தோலிலும் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்ப வேண்டும் என்றார் சார். ஒப்பிட்டுப் பார்க்க. என் முழங்கையையும் துடைத்து அனுப்பச் சொன்னார், எடுக்கிறவள் நான் அல்லவா. ஜீப்பில் பாம்பன் தாண்டி அந்த ஊருக்குப் போனேன். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வருகிறார்கள் என்று ஸ்டீபன் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தான். சம்மதக் கையெழுத்தும் வாங்கினேன்.

ஜீப்பிலிருந்து இறங்கும்போதே நான் முகமூடி, தொப்பி, நீல அங்கி, கையுறை எல்லாம் மாட்டியிருந்தேன். என் தோல் அவர்கள் குச்சியில் படக் கூடாதே. முதலில் செபஸ்தியம்மாவின் கையைத் துடைத்தேன். அடுத்த ஆளிடம் போவதற்கு முன் கையுறையைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினேன். பெல்சிக்குத் துடைத்த பிறகும் கழற்றிப் போட்டேன், ஸ்டீபனுக்கும் அப்படியே. ஆனால் ஊர் பார்த்தது முதலில் கழற்றியதை மட்டும்தான். சுற்றி நின்ற சனம் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தது. வெயிலுக்கு ஒதுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

சில நாள் கழித்து ஸ்டீபன் லேப் வாசலில் வந்து நின்றான். முகமே செத்துப்போயிருந்தது.

"மேடம், அத்த ஆப்பரேசனுக்கு வரமாட்டேங்குது."

"ஏன்யா, நல்லாத்தான சரின்னு சொன்னாக?"

"நீங்க வந்துட்டுப் போனதுலருந்து ஊருக்குள்ள ஒரே பேச்சு. கொரோனாவுக்கு வந்த மாரியே வந்தாக, அத்தயத் தொட்ட கையுறைய ஒடனே கழட்டி எறிஞ்சாக, வைரஸாம்லன்னு. பாசிக்குப் போற பொம்பளைக போட்டுல ஏத்த மாட்டேங்குறாக. பெல்சியும் பயந்துட்டா. அத்தைக்குத் தட்டு தனி, தம்ளர் தனி. வலை போட்டு வச்சிருக்க கொட்டகையில படுத்துக்கிருது. புள்ளயப் பக்கத்துல விடமாட்டேங்குறா."

"நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?"

"அவளத் திட்டவும் முடியல மேடம். எத்தன வருசங் கழிச்சுப் பெத்த புள்ள. ஞானத்தாயா வேற ஆளப் பாக்கலாம்னு அவுக அம்மா சொல்லிட்டாக. அதக் கேட்டதுலருந்து அத்த ஒரே பேச்சுத்தான். 'புள்ளய ஏந்த முடியாத கைக்கு வைத்தியம் எதுக்கு, அது பாட்டுக்கு வளரட்டும்'ங்குது. கட்டி இப்பவே பெருசாயிருச்சு."

 நான் கையுறை போட்டது என் தோலிலிருந்து அவர்கள் குச்சியைக் காப்பாற்ற. அவர்கள் புரிந்துகொண்டது நேர் தலைகீழ். முறைப்படிதான் எல்லாம் செய்தோம். யாரைக் குற்றம் சொல்ல? சாரையா, என்னையா, பெல்சியையா? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். சென்னை முடிவு வரட்டும், கையில் விவரம் இல்லாமல் போய் என்ன பேசுவது என்றார். எனக்கு வந்ததே கோபம். "கட்டி காத்திருக்குமா சார்? நீங்கதான வெறிபிடிச்ச மாதிரி வளரும்னு சொன்னீக?" என்றேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் போனை எடுத்துச் சென்னைக்குப் பேசினார். அவசரமாகப் பார்த்துத் தரும்படி கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். அந்த மனுசர் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

முடிவு வந்தது. நான் துடைத்து எடுத்தவர்களில் அனேகமாக எல்லாருடைய தோலிலும் வைரஸ் இருந்தது. என் முழங்கையிலும் இருந்தது. வெறும் மெழுகில் இல்லை, அப்படியானால் நான் சுத்தமாகத்தான் சீவியிருக்கிறேன். செபஸ்தியம்மாவின் கட்டியில்?

இல்லை.

சார் நம்பவில்லை. மறுபடி சீவச் சொன்னார். புது பிளேடு, புதுக் கையுறை, மறுபடி அதே கூத்து. மறுபடியும் இல்லை என்றே வந்தது.

"அப்ப வைரஸ்ங்கிறது பொய்யா சார்?"

"பொய்யில்ல. பல பேருக்கு அதுதான். நாம எடுத்து வச்சிருந்த பழைய கட்டி ஒண்ணுல இருக்குது பாருங்க. இந்த அம்மாவுக்கு இல்ல."

"பெறகு எதுனால வந்துச்சு?"

"வெயில். காலம்பூரா கடல் வெயில். இருக்கலாம்."

 வைரஸைக் கையில் வைத்திருக்கிற நான் கல் மாதிரி இருக்கிறேன். கட்டியில் அந்த வைரஸே இல்லாத அம்மாவை வைரஸ்காரி என்று கொட்டகையில் படுக்க வைத்திருக்கிறார்கள். வெயிலென்றால், அந்த ஊரே வெயிலில்தான் கிடக்கிறது. அங்கே வேறு யாருக்கும் வரவில்லை. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஒரு பக்கம் மூடாத போர்வை.

அன்றைக்கே இரண்டு பேரும் கிளம்பினோம். கையுறை இல்லை, முகமூடி இல்லை. வீட்டு வாசலில் ஸ்டீபன், பெல்சி, அவள் அம்மா, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கூடினார்கள். செபஸ்தியம்மா கொட்டகை நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தார். கட்டி கண்ணுக்குக் கீழேவரை ஏறியிருந்தது. 

சார் பேசினார். மரபணு, செல், தோலில் இயற்கையாக வாழ்வது, ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குப் புற்றுநோய் தொற்றாது என்றெல்லாம் நிதானமாக, சரியாகத்தான் சொன்னார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள், ஒருத்தர் முகத்திலும் ஒன்றும் ஏறவில்லை. "அப்ப வைரஸ் இருக்கா இல்லையா சார்?" என்றாள் பெல்சியின் அம்மா. சார் "அது வந்து..." என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் செபஸ்தியம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெறுங்கையால் அந்தக் கன்னத்தைத் தொட்டேன். பிறகு என் கையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினேன்.

"இங்கன பாருங்க. டெஸ்ட் எடுத்தாச்சு. அந்த வைரஸு எங் கையில இருக்கு. இவுக கட்டியில இல்ல. அன்னைக்கு நான் கையுறை போட்டு வந்தது எங்கிட்ட இருக்கது ஒங்க மேல பட்டுறக் கூடாதுன்னுதான். இவுகளுக்குப் பயந்து இல்ல."

சாருக்கு முகம் கோணியது. பாதி உண்மையைப் பெரிசாகவும் பாதியைச் சின்னதாகவும் சொல்கிறேன் என்று அவருக்கு. ஆனால் சனத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. ஒரு சலசலப்பு ஓடியது. "அப்ப இவுகளுக்கா இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "எனக்குத்தான்" என்றேன்.

செபஸ்தியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு இருக்கு, ஒனக்கு ஒண்ணுஞ் செய்யல. எனக்கு இல்ல. பெறகு எனக்கு ஏந்தாயி வந்துச்சு?" என்றார்.

நான் சாரைப் பார்த்தேன். "தெரியலம்மா" என்றார் அவர்.

"தெரியாதுன்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்ல சார். வேசங் கட்டிக்கிட்டு வந்து பச்சப்புள்ளய எங்கிட்டருந்து பிரிச்சுட்டீகளே."

 பெல்சி எழுந்தாள். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கொட்டகைக்கு நடந்து, "ஆப்பரேசன் பண்ணிட்டு வாங்கத்த. நீங்கதான் ஏந்தணும்" என்று மடியில் வைத்தாள். செபஸ்தியம்மா கட்டி இல்லாத கன்னத்தைக் குழந்தை மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் குலுங்கினார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. சார் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மதுரையில் ஆப்பரேசன் நடந்தது. தொடையிலிருந்து தோலெடுத்துக் கன்னத்தில் ஒட்டினார்கள். நெறிக்கு இறங்கியிருக்கவில்லை, மயிரிழையில் தப்பினார் என்றார்கள். பிறகு கதிர்வீச்சு. அதெல்லாம் முடிந்து உடம்பு தேறியதும் ஞானஸ்நானம் வைத்தார்கள். எனக்கும் சாருக்கும் ஸ்டீபன் நேரில் வந்து சொன்னான். சார் எந்த விசேஷத்துக்கும் போகிறவர் இல்லை. குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கி என்னிடம் கொடுத்தனுப்பினார்.

கோயிலில் செபஸ்தியம்மா வெள்ளைச் சேலையில் முன்னால் நின்றார். முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, முக்காட்டை அந்தப் பக்கம் தாழ்த்திவிட்டிருந்தார். சாமியார் தண்ணீர் ஊற்றியதும் குழந்தை வீலென்று அலறியது, அவர் சிரித்தார். முன்பு போட்டில் ஏற்ற மறுத்த பெண்கள் பக்கத்தில் நின்று குழந்தையின் காலைப் பிடித்துக் கொஞ்சினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் கறி அறுத்ததற்கு இது போதும் என்று இருந்தது.

சாப்பாடு முடிந்து எல்லாரும் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை செபஸ்தியம்மா மடியில் புதுக் கவுனோடு கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஆசை தாங்கவில்லை. "குடுங்க, நானும் கொஞ்ச நேரம் வச்சுக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

பெல்சி சட்டென்று நடுவில் வந்தாள். முகத்தில் ஒரே சங்கடம்.

"தப்பா நெனைக்காதீகக்கா. ஒங்க கையில அது இருக்குன்னு நீங்கதான சொன்னீக."

செபஸ்தியம்மாவும் குழந்தையை மெல்லத் தன் பக்கம் அணைத்துக்கொண்டார். "மனசுல வச்சுக்கிறாத தாயி. நீ நல்லவதான். இருந்தாலும் பச்சப்புள்ள பாரு."

பக்கத்திலிருந்த பெண்கள் எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒன் கையிலயும்தான்டி இருக்கு, ஒங்கம்மா கையிலயும்தான் இருக்கு, இந்தா குழந்தையைப் பிடிச்சுக்கிட்டு இருக்க அத்த கையிலயும் இருக்கும், துடைச்சுப் பார்த்தது நான்தான் என்று வாய்வரை வந்தது. சொல்வதற்காக வாயைத் திறந்தும்விட்டேன். குழந்தை செபஸ்தியம்மாவின் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

கையை மடக்கி முந்திக்குள் வைத்துக்கொண்டேன். "சரிதான் தாயி. பச்சப்புள்ள, பாத்துத்தான் இருக்கணும்" என்றேன்.